கொழும்பு கேட்ட உறுதி

கார்த்திகை மாதத்துப் புயல் எங்கள் கோயிலின் கூரையைக் கொண்டுபோனது. விடிந்து பார்த்தபோது தென்னோலைக் கிடுகுகள் கடலில் மிதந்தன. மண்சுவர் ஊறி வயிறு தள்ளி நின்றது. அப்பு பீடத்தில் இருந்த புனிதரின் சிலையை, எங்கள் சுருவத்தை, தோளில் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக் குசினியில், ஒழுக்கில்லாத ஒரே மூலையில் வைத்தார். அன்று தொடக்கம் அம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டுதான் மீன் கழுவினாள்.

"உதென்ன கோலம்?" என்று அப்பு கேட்டார். என் தகப்பனாரை நாங்கள் அப்பு என்போம்.

"அவர் பாத்துக்கொண்டெல்லே இருக்கிறார்."

"அவர் கடற்கரைச் சனத்தின்ரை அர்ச்சியசிட்டர். மீன் மணக்கும் எண்டு அவருக்குத் தெரியும்."

நாங்கள் குருநகருக்கு மேற்கே கரையோரமாகக் குடியிருக்கும் கத்தோலிக்கர். தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சுவாமியார் பட்டணத்திலிருந்து சைக்கிளில் வந்து அந்தக் கொட்டிலில் பூசை வைப்பார். மற்ற நாட்களில் பிள்ளைகள் அங்கே இருந்து அரிவரி படிப்பார்கள். எங்கள் சகாய சங்கம் அங்கேதான் கூடும். கடலில் மாண்டவர்கள் கரை சேர்ந்தால் முதலில் அங்கேதான் கிடத்துவோம். புயலுக்குப் பிறகு வந்த முதற் பிரேதத்தை வெட்டவெளியில், மழைக்குள், மேலே பாய்த்துணியைப் பிடித்துக்கொண்டு கிடத்தினோம். பிடித்தவர்களில் நானும் ஒருவன். துணியில் தேங்கிய தண்ணீர் சரிந்து இறந்தவரின் முகத்தில் கொட்டியது. அவருடைய மனைவி அலறிய அலறலைக் கேட்டவர்கள் எவரும் அந்தக் கிழமை சரியாகச் சோறு தின்றிருக்க மாட்டார்கள். ஞாயிறன்று சங்கம் கூடியது.

அதற்கு முன் காணியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கோயில் நின்ற காணி அம்மாவுடையது. இரண்டு பரப்பு மணல் தறை, அவளுடைய சீதனம். எங்கள் பக்கத்தில் தாயின் சீதனம் மகளுக்குப் போகும். ஆகவே அது அக்காவின் கலியாணத்துக்கென்று கிடந்த காணி. எங்களுக்கு வேறு நிலம் இல்லை. நாங்கள் குடியிருந்ததே பெரியப்பாவின் வளவில். அம்மாவின் தகப்பனார் காலத்தில், கோயில் வைக்க இடமில்லை என்று ஊரார் வந்து கேட்டபோது, "பெட்டையள் கலியாணம் முடிக்குமட்டும் இருக்கட்டும்" என்று அவர் வாயால் சொல்லி விட்டிருந்தார். பெட்டையள் கலியாணம் முடித்துப் பிள்ளைகளும் பெற்றார்கள். கொட்டில் அங்கேயே நின்றது. ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

அந்த நாட்களில் அக்காவுக்குப் பாஷையூர்ப் பக்கம் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை சொந்தத் தோணி வைத்திருந்தவர். அக்காவுக்கு அவரைப் பெருநாளில் ஒரு முறை கண்ட நினைவு இருந்தது. நல்ல மனிசன் போலை என்று மட்டும் சொன்னாள். கூரை பறந்த அன்று அம்மா அக்காவின் காதுக்குள், "கொட்டில் தானாப் போட்டுது பிள்ளை. இனி வேறை இடத்திலை கட்டுவினம். உன்ரை காணி வெளிச்சுப்போம்" என்றாளாம். சொல்லிவிட்டு உடனே சுருவத்தைப் பார்த்துச் சிலுவை போட்டாளாம். அக்கா பின்னொரு நாள் இதை எனக்குச் சொன்னாள்.

சங்கம் கூடியது கூரையில்லாத அந்தக் கோயிலுக்குள்தான். சீமையில் இறந்துபோன ஒரு தோட்டத் துரையின் சொத்திலிருந்து கோயில்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் உதவி கொடுக்கும் தரும நிதி ஒன்று கொழும்பில் இருக்கிறது என்று சுவாமியார் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் சொந்தத்திலேயே பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனவன் நான் ஒருவன்தான். சீனியர் சோதனை பாஸ் பண்ணிவிட்டு உத்தியோகம் கிடைக்காமல் இருந்தவனைச் சங்கம் காரியதரிசி ஆக்கியிருந்தது.

"நீ எழுது தம்பி," என்றார் மூப்பர். கோயிலையும் சங்கத்தையும் பார்த்துக்கொண்டவர் அவர். "இங்கிலீசிலை எழுது. தமிழிலையும் எழுது. விளங்காத கடுதாசியிலை நாங்கள் கையெழுத்து வைக்கமாட்டம்."

நான் "ஏழைகளாகிய நாங்கள்" என்று எழுதி வாசித்தேன்.

"ஆரடா ஏழை?" என்று எழும்பினார் சம்மாட்டியார். ஊரில் இரண்டு தோணிக்குச் சொந்தக்காரர் அவர். "அரசாங்கக் கச்சேரி வாசலிலை தகரப் பேணி வைச்சுக்கொண்டு இருக்கிற ஆக்கள் எண்டு நினைச்சியோ எங்களை?"

"ஏழை எண்டு எழுதாட்டில் ஏன் தரப்போகினம், சம்மாட்டியார்?"

"கஷ்டப்பட்ட சனம் எண்டு எழுது. கஷ்டம் ராசாவுக்கும் வரும்."

"அப்ப உங்கடை தோணியளையும் விண்ணப்பத்திலை போடட்டோ?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"போடு. ஓட்டையளையும் சேத்துப் போடு."

எல்லாரும் சிரித்தார்கள். கணவனைப் பறிகொடுத்தவளின் தமையனும் அங்கே இருந்தார், அவரும் சிரித்தார். "கஷ்டப்பட்ட சனமாகிய நாங்கள்" என்று திருத்தினேன். கடைசியில், "கல்லுச் சுமக்கிறது, சுண்ணாம்பு நீத்திறது எல்லாம் ஊரார் கூலியில்லாமல் செய்வினம் எண்டு ஒரு வரி போட்டிருக்கிறன்" என்றேன்.

மூப்பரின் முகம் கறுத்தது. "உதை எழுதிறதோ? எங்கடை கோயிலுக்கு நாங்கள் கல்லுச் சுமக்காமல் ஆர் வந்து சுமக்கிறது? உதை எழுதினால், இவங்கள் மற்ற வேளை கூலி கேக்கிற ஆக்கள் போலை எண்டெல்லே நினைப்பினம். வெட்டு, வெட்டு."

தகப்பனுக்குத் தண்ணி வார்த்துக் குடுப்பன் எண்டு மகன் எழுதிக் குடுக்கிறதோ என்று சம்மாட்டியாரும் கேட்டார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வெட்டினேன்.

மாசி மாதம் கொழும்பிலிருந்து மறுமொழி வந்தது. நாங்கள் தமிழில் எழுதியிருந்தபடியால் தமிழிலேயே எழுதியிருந்தார்கள். எழுதியவர் கடலுக்கு அக்கரையில், இந்தியாவிலிருந்து வந்த தமிழர் என்பது நடையில் தெரிந்தது. நீண்ட மரியாதை வார்த்தைகளுக்குப் பிறகு ஒரு வரிதான் விஷயம்: "எமது நிதியின் விதிப்படி தங்கள் ஊராரின் உறுதி இம்மாத முடிவுக்குள் எமக்குக் கிடைத்தால் மட்டுமே தங்கள் விண்ணப்பம் கருத்தில் எடுத்துக்கொள்ளப்படும்."

எங்கள் ஊரில் உறுதி என்றால் காணி உறுதி. காணி வாங்கினால் நொத்தாரிசு என்ற எழுத்தரிடம் எழுதி உறுதி முடிப்பார்கள். பெட்டகத்தின் அடியில் சேலைக்குள் சுற்றி வைத்திருப்பது உறுதி. எல்லைச் சண்டை வந்தால் வேலிக்கு மேலால் கேட்கும் முதல் வார்த்தை, "உறுதியைக் காட்டு" என்பதுதான். பூசை முடிந்து நான் கடிதத்தை வாசித்தபோது அங்கே நின்ற ஒருவருடைய மனதிலும் வேறு பொருள் எழவில்லை. சுவாமியார் கடிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தார்.

"நியாயந்தானே," என்றார். "ஆற்றையோ காணியிலை நிக்கிற கோயிலுக்கு ஆர் காசு குடுப்பினம்? காணி கோயில் பேரிலை இருக்கோணும்."

ஒருவரும் அம்மாவைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கத்தில் அவளைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திட்டியிருந்தால் அம்மா திருப்பித் திட்டியிருப்பாள். அவளுக்கு வாய் உண்டு.

பின்னேரம் மூப்பர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரோடு, புயலுக்குப் பிறகு நாங்கள் மழைக்குள் கிடத்தினோமே, அவருடைய மனைவியும் வந்தாள். வாசலில் மணலில் குந்தியிருந்து, கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பாதியை எழுதிக் குடுப்பம்," என்றார் அப்பு. "பாதி பெட்டைக்குக் கிடக்கட்டும்."

"நொத்தாரிசைக் கேட்டிட்டுத்தான் வாறன்," என்றார் மூப்பர். "கோயில் நட்ட நடுவிலை நிக்குது. வாசலுக்குப் பாதை விடோணும், கிணத்துக்குப் பாதை விடோணும். மிச்சத்திலை கோழிக்கூடுதான் கட்டலாம் எண்டு சொல்லுறார்."

"அப்ப என்ரை பெட்டை கோழிக்கூட்டுக்குள்ளையோ இருக்கிறது?"

"கோவிக்காதையும். பெட்டைக்குச் சங்கம் நிக்கும். கோயில் எழும்பட்டும். பேந்து ஆளுக்காள் போட்டு அவளுக்கு ஒரு துண்டுக் காணி எடுத்துக் குடுப்பம். நான் சொல்லுறன், பாரும்."

அம்மா குசினிக்குள் போனாள். அக்கா அடுப்புக்கு முன்னால் இருந்தாள். "நீ என்ன பிள்ளை சொல்லுறாய்?" என்று அம்மா கேட்டாள்.

"அந்தப் பெண்சாதி வாசலிலை இருக்கேக்கை நான் என்னத்தைச் சொல்ல?" என்றாள் அக்கா. "அவவைப் போகச் சொல்லுங்கோ. பேந்து என்னைக் கேளுங்கோ."

அவளைப் போகச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவள் இருட்டும் மட்டும் இருந்தாள். அக்காவை மறுபடி ஒருவரும் கேட்கவும் இல்லை.

அடுத்த கிழமை நொத்தாரிசின் வீட்டு விறாந்தையில் நன்கொடை உறுதி முடிந்தது. அம்மா பெருவிரல் பதித்தாள். சம்மதம் என்று அப்புவும் பதித்தார். சாட்சியாக நான் கையெழுத்து வைத்தேன். "வடிவான எழுத்து" என்று நொத்தாரிசு மெச்சினார். விரலில் ஒட்டிய மையை அம்மா வேப்பிலை உருவித் தேய்த்துப் பார்த்தாள், அது போகவில்லை. வழியெல்லாம் விரலைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு நடந்தாள். உறுதியை ரெஜிஸ்டர் தபாலில் கொழும்புக்கு அனுப்பினோம்.

சித்திரை பிறந்து சில நாளில் தடித்த உறை ஒன்று வந்தது. இம்முறை கொழும்பு நிதிக் கந்தோரின் தலைமைத் துரையே ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். பூசை முடிந்த கூட்டத்தின் நடுவில் நின்று, முதலில் எனக்குள் வாசித்தேன். பிறகு நிமிர்ந்தேன்.

"எவ்வளவு தரப்போகினமாம்?" என்றார் சம்மாட்டியார்.

"அவை காணி உறுதி கேக்கேல்லையாம்."

"என்ன?"

வரி வரியாகத் தமிழாக்கிச் சொன்னேன். இந்த நிதி தானே முயலும் ஊர்களுக்கு மட்டும் உதவுவது. கட்டட வேலையில் ஒரு பங்கை ஊரார் தங்கள் உழைப்பால் செய்வார்கள் என்று வாக்குறுதி தரும்படி கேட்டிருந்தோம். அது தவணைக்குள் வரவில்லை. ஆகவே இவ்வருடத்து உதவி மற்ற ஊர்களுக்குப் பகிரப்பட்டுவிட்டது. நாங்கள் கேட்காத பத்திரத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறோம்.

"உழைப்பெண்டால்?" என்றார் மூப்பர்.

"கல்லுச் சுமப்பம் எண்டு ஒரு வாக்கு."

மூப்பர் அப்படியே மணலில் இருந்துவிட்டார். "அண்டைக்கு நாங்கள் வெட்டின வரி," என்று சம்மாட்டியார் மெல்லச் சொன்னார்.

"தமிழ் தெரியாதவனை ஏன் தமிழ் எழுத விட்டவை?" என்று யாரோ கத்தினார்கள்.

"அவனுக்குத் தமிழ் தெரியும்," என்றார் சுவாமியார். "அவன்ரை ஊரிலை காணி உறுதியைப் பத்திரம் எண்டு சொல்லுவினம். உறுதி எண்டால் அங்கை வாக்குத்தான்."

அப்பு எல்லாருக்கும் முன்னால் போய் நின்றார். "அப்ப எழுதினதைத் திருப்பி எழுதுவம் சுவாமி. என்ரை பெட்டை பாவம்."

"மேற்றிராணியார் ஒப்பம் வைக்காமல் கோயில் காணியை மாத்த ஏலாது. நான் இண்டைக்கே எழுதுறன். பிழையாலை நடந்தது எண்டு விளங்கப்படுத்தினால் அவர் மறுக்கமாட்டார்."

சுவாமியார்களுக்கெல்லாம் தலைவரான மேற்றிராணியாரே மறுக்கமாட்டார் என்றதும் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சம்மாட்டியாரின் பெண்சாதி வெளிப்படையாகவே சொன்னாள்: "சிவன் சொத்துக் குலநாசம் எண்டு சைவக்காரர் சொல்லுவினம். எங்கடை ஆண்டவர் மட்டும் என்ன, இளக்காரமோ?"

வீட்டுக்கு வந்ததும் அம்மா முக்காட்டை எடுத்துவிட்டு அப்புவுக்கு முன்னால் நின்றாள்.

"சுவாமியை எழுத வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"உனக்கென்ன விசரோ? பிழையாக் குடுத்தது. ஆண்டவருக்குப் பிழையும் சரியும் தெரியாதோ?"

"ஆண்டவருக்குத் தெரியும். கடலுக்குத் தெரியுமோ?" என்றாள் அம்மா. "நாளைக்கு விடியத் தண்ணியிலை இறங்கிறது நீங்களோ சுவாமியோ? கோயிலுக்குக் குடுத்ததைப் பறிச்ச வீட்டிலையிருந்து நான் உங்களைக் கடலுக்கு விடமாட்டன். அவளின்ரை கலியாணம் வேணுமெண்டால், இனித் தொழிலுக்குப் போகாமல் இருங்கோ."

தொழிலுக்குப் போகாவிட்டால் அடுத்த கிழமை அடுப்பு எரியாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அக்கா குசினி வாசலில் நின்றாள். அப்புவைப் பார்த்தாள். காலில் வலை அறுத்த தழும்புகளோடு அவர் நிலத்தில் இருந்தார்.

"விடுங்கோ அப்பு," என்றாள். "எனக்காண்டி நீங்கள் பயந்து பயந்து போகவேண்டாம்."

மறுநாள் அம்மா என்னைச் சுவாமியாரிடம் அனுப்பினாள். நான் போனபோது அவர் கடிதத்தை எழுதி மடித்து மேசையில் வைத்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கொம்மா சொன்னாவோ, கொக்கா சொன்னாவோ?" என்று கேட்டார். அம்மாவும் அக்காவும்தான் என்றேன். அவர் கடிதத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டார்.

வைகாசியில் பாஷையூரிலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமனும் வேறொருவரும் வந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். தேத்தண்ணி குடித்தார்கள், கூரையில்லாத கோயிலைப் போய்ப் பார்த்துச் செபம் சொன்னார்கள். பிறகு தாய்மாமன் தொண்டையைச் செருமினார்.

"காணி என்ன மாதிரி?"

அப்பு நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

"கோயிலுக்குக் குடுத்தது பெரிய புண்ணியம், அண்ணை," என்றார் தாய்மாமன். "ஆனால் புண்ணியத்துக்கு மேலை வீடு கட்ட ஏலுமோ? பொடியனுக்குக் கீழை மூண்டு தங்கச்சிமார். அவன் வாங்கித்தான் அவளவைக்குக் குடுக்கோணும்."

"சங்கம் வேறை காணி எடுத்துத் தாறதெண்டு சொல்லியிருக்கினம்."

"எடுத்துத் தரட்டும். நாங்கள் எங்கை போகப்போறம்? ஐப்பசி மட்டும் பாப்பம்."

மூப்பர் பொய்யர் அல்ல. அந்தச் சோளகக் காற்றுக் காலத்தில் மீன்பாடு இல்லை. வீட்டுக்கு வீடு பிள்ளைகளுக்கு நெருப்புக் காய்ச்சல். சங்கத்துக்குச் சந்தா கட்டவே ஆட்கள் தலைமறைந்தார்கள். முதலில் கிழமைக்கொரு தடவை வந்து, "பாப்பம் பிள்ளை, பாப்பம்" என்று அக்காவுக்குச் சொன்னார். பிறகு எங்கள் ஒழுங்கையால் வருவதை விட்டு, கடற்கரையால் சுற்றிப் போகத் தொடங்கினார். ஐப்பசியில் மாப்பிள்ளைக்கு நாவாந்துறைப் பக்கம் வேறொரு சம்பந்தம் முற்றாயிற்று என்று கேள்விப்பட்டோம். அக்கா அன்று உப்புப் போடாமல் குழம்பு வைத்தாள். ஒருவரும் குறை சொல்லாமல் சாப்பிட்டோம்.

அடுத்த வருடம் நான் மறுபடி விண்ணப்பம் எழுதினேன். கல்லுச் சுமப்போம் என்ற வாக்கை முதல் வரியாகப் போடும்படி மூப்பரே சொன்னார். உதவி வந்தது. ஊரெல்லாம் கல்லுச் சுமந்தது. பெண்கள் வரிசையில் நின்று மணற் கடகம் மாற்றிக் கொடுத்தார்கள். அந்த வரிசையில் அக்காவும் நின்றாள். ஓட்டுக் கூரை ஏறியதும், சுவருக்கு வெள்ளை அடிக்கும்போது, "என்ன பெட்டை, கோயில்காரி, உன்ரை வளவு வடிவாயிருக்குது!" என்று ஒருத்தி பகிடியாகச் சொன்னாள். பகிடிதான். அக்கா கடகத்தைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

பிறகு அவள் பட்டணத்துக் கன்னியர் மடத்தில் அனாதைப் பிள்ளைகளுக்குச் சமைக்கும் வேலைக்குப் போவதென்று தானே சுவாமியாரிடம் கேட்டு ஒழுங்கு செய்துகொண்டாள். கன்னியாஸ்திரியாகச் சேர்வதற்கும் சீதனம் வேண்டும். குசினிக்கு அது தேவையில்லை. அம்மா அழவில்லை. ஒரு சேலையைத் தோய்த்துக் காயப்போட்டு, மடித்து, பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் அக்காவோடு நடந்தேன். புதுக் கோயிலைத் தாண்டும்போது நான் நின்று சிலுவை போட்டேன். அவள் நிற்கவில்லை.

"நான் உத்தியோகம் எடுத்ததும் உனக்குக் காணி வாங்குவன் அக்கா," என்றேன் வழியில்.

"எடு. முதலிலை எடு." சற்று நடந்து, "செருப்பு ஒண்டு வாங்கு. உந்தக் காலோடை ஆர் உத்தியோகம் தருவினம்?" என்றாள்.

மடத்துப் படலையைத் திறந்த வயதான கன்னியாஸ்திரி அவளுடைய கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "வேலை செய்த கை. வா பிள்ளை," என்றார். அக்கா பெட்டியை என்னிடமிருந்து வாங்கினாள்.

"பெருநாளுக்கு வருவியோ?"

"அங்கை வரமாட்டன் தம்பி," என்றாள். கோபம் எதுவும் இல்லாமல்தான் சொன்னாள். "இஞ்சையும் பூசை இருக்கு. அம்மா கேட்டால், மடத்திலை வேலை கூடிப்போச்சு எண்டு சொல்லு."

அந்த வருடப் பெருநாளுக்குக் கொழும்பிலிருந்து நிதியின் துரை ஒருவர் வந்தார். காணி கொடுத்தவர்கள் யார் என்று கேட்டார். மூப்பர் அம்மாவைக் காட்டினார். துரை தொப்பியைக் கழற்றி வணங்கிப் பேசியதை நான் தமிழாக்கினேன். அம்மா அதைக் கேட்டு முடியும் முன்பே என் கையைப் பிடித்தாள்.

"அவள் எங்கை, வரேல்லையோ?"

மடத்தில் வேலை கூடிப்போச்சு என்று சொன்னேன்.